உப்பு, உலக்கை, பல்லாங்குழி: ஒரு மளிகைக்கடைக்காரன் படித்த தொ. பரமசிவன்

பங்குனி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்த ஒரு மத்தியான நேரம். கடுகும் உளுந்தும் வாங்க வந்த தமிழ் சார் சரக்குப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு, கையிலிருந்த புத்தகத்தைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அட்டையில் 'அறியப்படாத தமிழகம்', தொ. பரமசிவன் என்று போட்டிருந்தது. சும்மா புரட்டினேன். உப்பு, எண்ணெய், உரலும் உலக்கையும், சோறு விற்றல் என்று வரிசையாகத் தலைப்புகள். வியாபாரிகள் சங்கம் எதுவும் மலர் போட்டிருக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். உப்புக்கும் உலக்கைக்கும் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து கட்டுரை எழுதுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் கடைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அப்பா ஆரம்பித்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று கல்லாவில் உட்கார்ந்தவன் நான். தினத்தாளும் பற்று நோட்டும் தவிர வேறு எதையும் முழுதாகப் படித்து முடித்தவன் இல்லை. இந்தப் புத்தகத்தை முடித்தேன். சாரிடம் அவருடைய பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று வாங்கினேன். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கடைக்காரனாகச் சொல்கிறேன்: வாங்கலாம். ஆனால் சரக்கைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் உப்பு.

எங்கள் கடையில் உப்பு மூட்டைக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. இரவு கடை அடைக்கும்போது மற்றதெல்லாம் உள்ளே போகும், உப்பு மூட்டை மட்டும் திண்ணையிலேயே இருக்கும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். உப்பை யாரும் திருட மாட்டார்கள். அதே திண்ணையில் விட்ட செருப்பு இரண்டு முறை காணாமல் போயிருக்கிறது, உப்பு ஒரு படி குறைந்ததில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பு கேட்டு வருகிறவர்கள் இன்னமும் அதன் பெயரைச் சொல்வதில்லை. எதிர்ச் சந்து வீட்டுச் சிறுமி ஏழு மணிக்கு ஓடி வந்து, "அண்ணாச்சி, சோற்றுக்குப் போடுகிறது ஒரு கிலோ" என்பாள். நானும் அதற்கு மேல் கேட்க மாட்டேன். கையில் கொடுக்காமல் பலகை மேல் வைப்பேன், அவள் எடுத்துக்கொள்வாள். கைக்குக் கை உப்பு மாறினால் சண்டை வரும் என்று அம்மா சொல்லி வளர்த்தது.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று என் மகள் சொல்வாள், சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் அப்படியே செய்வேன். தொ. பரமசிவன் இதைக் கேலி செய்யவும் இல்லை, கும்பிடவும் சொல்லவில்லை. ஒரு பொருளைச் சுற்றி இத்தனை பயமும் மரியாதையும் இருக்கிறதென்றால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கும் என்று எடுத்துப் பார்க்கிறார். புது வீடு குடி போகிறவர்கள் முதலில் உப்பைக் கொண்டு போவது, உப்பிட்டவரை நினைப்பது, நெல்லும் உப்பும் ஒன்றுக்கொன்று மாற்றாக இருந்த பழைய காலம் என்று கட்டுரை போகிறது. அகநானூற்றில் ஒரு பெண் நெல்லுக்குச் சரியாக உப்பு என்று தெருவில் கூவி விற்றுப் போகிறாள் என்று சார் ஒரு பாட்டைச் சொன்னார். "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்பது அந்த வரி. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய விலைப்பலகை என்று எனக்குப் பட்டது. இன்று ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ கல் உப்பு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெண் அழுதுவிடுவாள்.

கட்டுரையில் ஓர் இடத்தில் மட்டும் என்னால் மேலே போக முடியவில்லை. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் உப்பு போடாமல் விடும் வழக்கத்தை, அவரோடு உறவு அறுந்தது என்பதற்கு அடையாளமாக அவர் படிக்கிறார். அப்பா போன பதினாறாம் நாள் படையலில் உப்பு போடவில்லை. அன்று அதை ஒரு சமையல் முறையாகத்தான் பார்த்தேன். நாற்பது வருடம் ஊருக்கு உப்பு அளந்தவருக்கு உப்பில்லாச் சோறு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வந்தவர்களுக்குப் பொட்டலம் மட்டும் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி எடைக்குறைவு. சம்பளம் என்ற சொல் எப்படி வந்தது என்பதற்கு இந்தப் புத்தகத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. சம்பா நெல்லையும் அளத்து (உப்பளத்து) உப்பையும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் ஆயிற்று என்பார்கள் என்கிறார். ஆங்கிலத்தில் சாலரி என்கிற சொல்லும் உப்பிலிருந்து வந்தது என்று கூடவே சொல்கிறார். கேட்க இனிப்பாக இருக்கிறது. நானும் இரண்டு நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தமிழ் சார் வந்து ஊசி வைத்துக் குத்திவிட்டார். "அண்ணாச்சி, வடமொழியில் சம்பலம் என்று ஒரு சொல் உண்டு. வழிக்குக் கட்டிக்கொண்டு போகிற சோறு என்று பொருள். சம்பளம் அதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?" என்றார்.

அது மட்டும் இல்லை. உப்பு என்ற சொல்லுக்கு முதலில் சுவை என்றே பொருள், இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது என்று ஓர் இடம் வருகிறது. அதற்கும் சார் சிரித்தார். "அப்படிப் பார்த்தால் படிப்பிலும் உப்பு இருக்கிறது, நடிப்பிலும் இருக்கிறது, உங்கள் திண்ணையில் காணாமல் போன செருப்பிலும் இருக்கிறது" என்றார்.

சொல்லாராய்ச்சியில் இவர் கொஞ்சம் தாராளக் கை. படியில் கூம்பாகக் குவித்து அளக்கிறார். வழக்கத்தைச் சொல்லும் இடத்தில் அளவு மிகச் சரியாக நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் புத்தகத்தில் ஏமாற வேண்டியதில்லை.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். பாளையங்கோட்டைக்காரர். 1950இல் பிறந்தவர், 2020 டிசம்பர் 24ஆம் தேதி காலமானார். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். அழகர் கோயிலைப் பற்றி அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் புத்தகமாகப் போட்டது. பெருமாள் கோயில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வாசலில் நிற்கிற பதினெட்டாம்படிக் கருப்பசாமியையும் சித்திரையில் வைகைக்கு வந்து குவிகிற கிராமத்து ஜனங்களையும் கோயிலின் சரித்திரத்துக்குள் கொண்டுவந்தவர் என்று சார் சொன்னார். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடி அச்சேற்றி, 'ஆராய்ச்சி' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினாரே, அந்தத் தடத்தில் வந்தவர் இவர். நெல்லைச் சீமைக்கு இப்படி ஒரு வரிசை இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. அல்வாவையும் அருவியையும் சொல்லியே நாங்கள் பொழுதைக் கழித்துவிட்டோம்.

'அறியப்படாத தமிழகம்' 1997இல் வந்த புத்தகம். கட்டுரைகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் ஒன்றைப் படித்துவிடலாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? நடையும் எதிரில் உட்கார்ந்து பேசுகிற நடை. கல்வெட்டு வரும், ஆண்டாள் வருவாள், அடுத்த வரியிலேயே ஏதோ ஒரு வீட்டு அடுப்படி வந்துவிடும். குளித்தல் என்பது அழுக்குப் போக்குவது அல்ல, வெயிலில் காய்ந்த உடம்பைக் குளிர வைப்பது, குளிர்த்தல்தான் குளித்தல் ஆனது என்று சொல்கிறார். சார் இதற்கு என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. தாமிரபரணியில் சித்திரை மாதம் கழுத்தளவு நின்றவனுக்கு அதற்குச் சான்று தேவையில்லை.

மிளகாய் விஷயம் எங்கள் கடைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வற்றல் மிளகாய் இல்லாமல் ஒரு நாள் வியாபாரம் நடக்காது. ஆனால் மிளகாய் கடல் தாண்டி வந்து சில நூறு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இந்த நாட்டுச் சமையலில் உறைப்பு என்றால் மிளகுதான். மிளகுக்குக் கறி என்று ஒரு பெயர். இறைச்சிக்கு அதை அதிகமாகப் போட்டதால் இறைச்சிக்கே கறி என்று பெயர் வந்துவிட்டது என்கிறார். மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால் மிளகாய். பெயரிலேயே பழைய சரக்கின் முத்திரை குத்தியிருக்கிறது. எத்தனை ஆயிரம் முறை அந்தச் சொல்லைச் சொல்லிப் பொட்டலம் கட்டியிருப்பேன், ஒரு தடவை கூடக் காதில் விழவில்லை.

எண்ணெயும் அப்படித்தான். எள்ளின் நெய் எண்ணெய். அப்படியானால் கடலை எண்ணெய் என்று நான் விற்பது 'கடலை எள் நெய்'. தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம். இதை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். கலப்படம் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சோறு விற்கும் கட்டுரையில்தான் எங்கள் திண்ணையில் பெரிய தகராறு. சோறு என்பது இந்த நாட்டில் விற்கிற பொருளாக இருந்ததில்லை, விஜயநகர ஆட்சிக் காலத்தில்தான் அந்த வழக்கம் நுழைந்தது என்பது அவர் கட்சி. சார் உடனே சிலப்பதிகாரத்தை எடுத்தார். புகார் நகரத்துக் கடைத்தெருவில் காழியர், கூவியர் என்று இருக்கிறார்கள், பிட்டு விற்பவரும் அப்பம் விற்பவரும். அவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார். எனக்கு இலக்கியம் தெரியாது, வியாபாரம் தெரியும். "சார், அப்பம் வேறு, சோறு வேறு. என் கடையில் முறுக்கு விற்கிறேன். பசி என்று வந்து நிற்கிறவனுக்குச் சோற்றை எடைபோட்டு விற்க எனக்குக் கை வராது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்கள் சொல்வதை அவர் எழுதியிருக்கலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் வாங்கிய சீரகத்துக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன். (நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.)

தாலி கட்டுரையைப் பற்றி வீட்டில் பேசியது என் தப்பு. பத்தாம் நூற்றாண்டுக்கு முன்னால் தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் தாலி இருந்ததற்குச் சான்று இல்லை என்பது புத்தகத்தின் வாதம். சார் இதிலும் பாதி சம்மதம், பாதி மறுப்பு. கண்ணகி கதையில் மங்கல அணி என்று வருவது தாலிதானா, வேறு நகையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். புறநானூற்றில் தாலி என்ற சொல்லே வருகிறது, ஆனால் அது சின்னப் பிள்ளை கழுத்தில் கிடக்கிற ஐம்படைத் தாலி. இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவியிடம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பத்தாம் நூற்றாண்டில் யார் கட்டினார்கள், கட்டவில்லை என்பது எனக்கு எதற்கு? நீங்கள் எனக்குக் கட்டியது 1994இல்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றினாள்.

எனக்கு மிகப் பிடித்தது பல்லாங்குழிக் கட்டுரை. அதை ஒரு விளையாட்டு என்று பாராட்டி எழுதியிருப்பார் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அவர் அதை ஒரு சொத்துப் பத்திரம் போல விரித்துப் படிக்கிறார். ஆட்டம் தொடங்கும்போது இருவருக்கும் குழிக்கு ஐந்தாகச் சமமான காய்கள். முடியும்போது ஒருத்தியிடம் எல்லாம், மற்றவளிடம் ஒன்றும் இல்லை. பொதுவில் இருந்தது தனிச் சொத்தாகப் போனதை, ஒருவர் வெறுங்கையாக நிற்பது நியாயம்தான் என்பதை, பெண்களுக்கு விளையாட்டாகவே பழக்கியிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு.

இதைச் சோதித்துப் பார்க்காமல் விட முடியவில்லை. அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. கண் மங்கல். பரணிலிருந்து பல்லாங்குழிக் கட்டையை இறக்கினேன். மரத்தில் மீன் வடிவத்தில் செதுக்கியது, வால் பக்கம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. சோழி எப்போதோ தொலைந்துவிட்டது. கடையில் கொட்டை நீக்கிய புளிதான் இப்போது விற்கிறது, அதனால் புளியங்கொட்டைக்கே அலைய வேண்டியிருந்தது. எழுபது முத்து தேற்றினேன். அம்மா விரலால் குழிகளைத் தடவிப் பார்த்தாள். ஐந்தைந்தாகப் போட்டோம். அவளுக்கு முப்பத்தைந்து, எனக்கு முப்பத்தைந்து.

அவள் எடுத்துப் போடுகிற வேகத்தை நான் பார்த்ததே இல்லை. முத்து விழுகிற சத்தத்திலேயே எண்ணிக்கை அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசு" என்று சொல்லி அள்ளிக்கொள்கிறாள். வெறுங்குழி வந்தால் துடைத்துவிட்டு அடுத்ததில் இருப்பதை மொத்தமாக எடுக்கிறாள். முதல் ஆட்டம் முடிந்தபோது அவளிடம் நாற்பத்தெட்டு, என்னிடம் இருபத்திரண்டு. நாலு குழிதான் நிரப்ப முடிந்தது, மூன்று குழி காலி. அடுத்த ஆட்டத்தில் ஒன்பது. ஒரே ஒரு குழி. அதற்கடுத்து நாலு முத்து. ஒரு குழிக்குக் கூடக் காணாது. "இனிமேல் கஞ்சி காய்ச்ச வேண்டியதுதான் ஐயா" என்றாள். இருக்கிற நாலைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதற்கு அப்படி ஒரு பெயர். முப்பது வருடமாகப் பற்று நோட்டு எழுதுகிறவன் நான். முதலில் முழுக் கணக்கு, பிறகு பாதி, பிறகு பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குப் பருப்பு என்று சில குடும்பங்கள் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

சரி, பேராசிரியர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்து, அவர் எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டாள். "சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார்" என்றாள். "எங்கள் ஆச்சி, ஆட்டம் முடிந்ததும் தோற்றவளை அழவிட மாட்டாள். எல்லா முத்தையும் கொட்டச் சொல்லி, மறுபடியும் ஐந்தைந்தாகப் போடச் சொல்வாள். நாளைக்கு வந்து உட்காரும்போது எல்லாருக்கும் சமம். அவர் சொல்கிற சொத்தை யார் அப்படிக் கொட்டிவிட்டு மறுபடி பங்கு வைக்கிறார்கள்?"

இதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஆசையாக இருந்தது. திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஒரு மணி நேர பஸ்தான். அவர் இருந்த காலத்தில் இந்தப் புத்தகம் என் கண்ணில் படவில்லை.

அம்மா அன்று அதோடு நிறுத்தவில்லை. கடைக்குப் பின்கட்டில் மாட்டுத் தவிடு மூட்டை இருந்தது. அதைப் பார்த்தவள் மாதிரி, அவளுடைய தம்பி பிச்சை மாமா கதையை எடுத்தாள். மாமா பிறப்பதற்கு முன்னால் மூன்று ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவது பிறந்த அன்றே பாட்டி பிள்ளையை முறத்தில் கிடத்தி, எதிர் வீட்டு ஆச்சிக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஆச்சி ஒரு நாழி தவிட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுத் திண்ணையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பாட்டி அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கி வந்தாள். இந்தப் பிள்ளை எங்களுடையது இல்லை, தவிட்டுக்கு வாங்கியது, இதைத் தேடி வராதே என்று எமனுக்கு எழுதின ரசீது அது. அதனால்தான் அந்தப் பெயர். பிச்சை மாமா மில்லில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கி, எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். சாகும் வரை எதிர் வீட்டு ஆச்சியை அம்மா என்றுதான் கூப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை. பாட்டிக்கு மடி, ஆசாரம் என்று சொல்லிப் பிள்ளையைத் தள்ளி வைத்திருந்தார்களோ என்று நானாக ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தகத்தின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. இதைத் தனியாகப் படித்தால் பாதி. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டால்தான் முழுச் சரக்கும் இறங்கும்.

தீபாவளிக் கட்டுரை எனக்குக் கொஞ்சம் கசந்தது. அது தமிழர் பண்டிகையே இல்லை, நமக்கு விளக்குத் திருவிழா திருக்கார்த்திகைதான், தீபாவளியின் வேரில் மகாவீரர் மறைந்த நாள் இருக்கிறது என்றெல்லாம் எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் எங்கள் கடையில் தீபாவளிச் சீட்டு பிடிக்கிறோம், வருடத்தின் பெரிய வியாபாரமே அந்தப் பத்து நாள்தான். இந்தக் கட்டுரையை மட்டும் யாரிடமும் நான் பரிந்துரைப்பதில்லை. அதுவும் போக, இங்கே அவர் பேனா கொஞ்சம் சூடாகிவிடுகிறது. கோயில், பிராமணர், வடக்கிலிருந்து வந்தது என்ற பேச்சு வரும் இடங்களில் முடிவு முதலிலேயே எழுதப்பட்டு, சான்று பின்னால் நடந்து வருவது போல எனக்குத் தோன்றியது. பெரியார் கொள்கை பிடித்தவர் என்று சார் சொன்னார். கொள்கை இருப்பது தப்பில்லை, தராசு முள்ளில் விரல் படாமல் இருந்தால் போதும்.

இன்னொரு குறை. ஒரு வழக்கத்தைச் சொல்லும்போது எந்த ஊரில், யார் வீட்டில், எந்த வருடம் கேட்டது என்று எல்லா இடத்திலும் அவர் சொல்வதில்லை. 'தென்மாவட்டங்களில்' என்றால் எது? சங்கரன்கோவில் பக்கத்து வழக்கம் வேறு, எங்கள் ஆற்றங்கரை வழக்கம் வேறு. சரக்குக்கு ஊர்ப் பெயர் முக்கியம். விருதுநகர் வற்றல் என்று சொல்லாமல் வெறும் வற்றல் என்றால் யாராவது விலை பேசுவார்களா? இரண்டு பக்கத்தில் முடிகிற கட்டுரை ருசிதான், ஆனால் சிலவற்றுக்கு இருபது பக்கம் எழுதியிருக்க வேண்டும். பாதிப் பந்தியில் இலை எடுத்தது போல இருக்கிறது.

கல்லூரிப் பரீட்சைக்குக் குறிப்பு எடுக்க நினைப்பவர்கள் இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். சொல்லுக்கு வேர் தேடுகிறவர்கள் பக்கத்தில் ஓர் அகராதி வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் அம்மாவோ ஆச்சியோ இருக்கிறவர்கள் தாமதிக்காமல் வாங்கிவிடுங்கள்.

என் பிரதியை மட்டும் யாரும் இரவல் கேட்க வேண்டாம். உப்புக் கட்டுரை ஓரத்தில் அப்பாவின் பதினாறாம் நாள் தேதி இருக்கிறது. பல்லாங்குழிப் பக்கத்தில் அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், அதன் மேல் புளிக்கறை வேறு. கடைப்பக்கம் வந்தால் கல்லாவில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். நேற்று ஆறாவது தடவையாக அம்மாவிடம் தோற்றேன். என்னிடம் மூன்று முத்து இருந்தது.